கத்தரி, உருளைக்கிழங்குச் செடிகளைத் தின்னும் கொம்புப் புழு

கமக்காரர்களே,

மாலையிற் செழித்து நின்ற கத்தரிச் செடி காலையில் வெறுங் காம்பாய் நிற்கின்றதா? செடியின் கீழ் மிளகளவான கரும்பச்சை எச்சங்கள் கிடப்பின், அது கொம்புப் புழுவின் வேலை என அறிக. பதுளைத் தோட்டங்களில் லயன் ஓரத்தே மரக்கறி நடுவோரும், வெலிமடைப் பக்கத்தில் நெல்லறுத்த வயலில் உருளைக்கிழங்கு நடுவோரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

தாய்ப் பூச்சி

இப்புழு ஒரு பெரிய அந்துப்பூச்சியின் குஞ்சு. அப்பூச்சி சிறகை விரித்தால் 10 சென்றிமீற்றர் அல்லது அதற்கு மேலும் இருக்கும். முதுகில் மண்டையோடு போன்ற குறி உண்டு, பிடித்தாற் கீச்சிடும். இரவில் விளக்கை நாடி வீட்டினுள் வந்தால் சாவுக்குறி எனச் சிலர் அஞ்சுவர். 1798ஆம் ஆண்டில் இதனை விவரித்த பப்ரிசியஸ் என்னும் அறிஞரும், ஆயுளை அளக்கும் கிரேக்கத் தெய்வமாகிய லக்கேசிசின் பெயரையே இதற்கு இட்டார். ஆயினும் அஞ்சற்க. அது கொட்டாது, தேனீக்களின் கூட்டிற் புகுந்து தேனைக் குடிக்குமேயன்றி மனிதருக்குத் தீங்கு செய்யாது.

புழுவின் வாழ்க்கை

கத்தரி, உருளைக்கிழங்கு, தக்காளி, எள்ளு, அவரை ஆகியவற்றின் இலைகளிலே பூச்சி முட்டைகளைத் தனித்தனியே இடும். தேயிலைக்கு நிழல் தரும் முள்முருக்கிலும் இப்புழு வளரும். பச்சை, மஞ்சள், கபிலம் என நிறம் வேறுபடும். உடலின் இருபுறமும் சரிந்த கோடுகளும், வாலில் வளைந்த கொம்பும் உண்டு. அக்கொம்பு குத்தாது. முதிர்ந்த புழு 10 சென்றிமீற்றருக்கு மேல் நீளும்; கடைசி நாட்களிலேயே மிகுதியாகத் தின்னும். பின் மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகும்.

செய்ய வேண்டியவை

1. காலையும் மாலையும் எச்சத்தைப் பார்த்து, அதற்கு நேர் மேலுள்ள கிளையிற் புழுவைத் தேடிப் பொறுக்கி அழியுங்கள்.

2. அறுவடை முடிந்ததும் மண்ணை ஆழக் கொத்திப் புரட்டுங்கள். வெளிப்படும் கூட்டுப்புழுக்களைக் கோழிகளும் மைனாக்களும் தின்றுவிடும்.

3. சில புழுக்களுக்காகத் தோட்டம் முழுவதும் நஞ்சு தெளியாதீர்கள். முட்டைகளை அழிக்கும் சிறு குளவிகளும் அதனால் மடியும். நஞ்சு படிந்த காய் உங்கள் பிள்ளைகளின் கலத்திற்கே வரும்.

நாற்பது கத்தரிச் செடிகளுக்கு மருந்து வாங்கக் கடன்பட இருந்த ஒரு தாயாரை யான் சந்தித்தேன். அன்று மாலையே இருவருமாகப் பதினொரு புழுக்களைப் பொறுக்கினோம். கடன் வேண்டியிருக்கவில்லை, செடிகளும் மீண்டும் தளிர்த்தன.

கைக்கு அடங்காத அளவிற் புழு பெருகினால் மாத்திரம், உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறுக.