கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பாட்டு

உங்கள் குரலைச் செல்போனில் பதிவு செய்து கேட்டிருப்பீர்கள். முதல் முறை கேட்டபோது, "இதுவா என் குரல்!" என்று முகத்தைச் சுளித்தீர்கள் அல்லவா? கவலை வேண்டாம். எல்லாருக்கும் நேர்வதுதான்.

என்னிடம் இயற்பியல் படித்த மாணவி ஒருத்தி நன்றாகப் பாட்டெழுதுவாள். மெட்டும் அவளே அமைப்பாள். கிட்டார் மீட்டிப் பாடுவதும் அவளே. இப்படித் தாமே எழுதித் தாமே பாடி, எந்த நிறுவனத்தையும் எதிர்பாராமல் இணையத்தில் வெளியிடுவோர் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அவளுக்கும் அந்த ஆசை. ஆனால் ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில், சோகமான முகத்தோடு செல்போனை என்னிடம் நீட்டினாள். "என் குரல் இவ்வளவு மோசம்னு எனக்கே தெரியாது சார். இதையெல்லாம் விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

வாங்கிக் கேட்டேன். சுருதி சுத்தமாக இருந்தது. வரிகளும் நன்றாக இருந்தன. ஆனால் பாட்டு மொத்தமும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. குற்றம் குரலில் இல்லை. எங்கே இருந்தது என்று பார்ப்போம்.

முதலில் அந்த அந்நியக் குரலின் கதை. நாம் பேசும்போது நம் குரல் இரண்டு வழிகளில் நம் செவியை அடைகிறது. ஒரு வழி காற்று. மற்றொரு வழி மண்டையோட்டு எலும்பு. குறைந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை எலும்பு நன்றாகக் கடத்துவதால், நம் குரல் நமக்கு மட்டும் சற்றுக் கனமாகக் கேட்கிறது. ஒலிவாங்கிக்குப் போவதோ காற்று வழி வந்த ஒலி மட்டுமே. ஆகவே பதிவில் கேட்கும் அந்தக் குரலைத்தான் உங்கள் நண்பர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லையே!

இனி கிணறு. அவள் எங்கே பாடினாள் என்று விசாரித்தேன். அமைதியாக இருக்குமென்று மாடியில் ஒரு காலி அறையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கட்டில் இல்லை, திரை இல்லை. நான்கு சுவர், ஒரு தரை, ஒரு கூரை. எல்லாம் சிமெண்டுப் பூச்சு.

இந்தச் சிக்கலை 1895-ஆம் ஆண்டிலேயே ஓர் இயற்பியல் ஆசிரியர் சந்தித்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் எதுவும் விளங்கவில்லை. ஒரு சொல் ஒலித்து அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று! அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளைஞரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் நாற்காலி மெத்தைகளை இரவில் தூக்கிவந்து மண்டபத்தில் பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்திவிட்டு, ஒலி காதுக்கு எட்டாமல் போகும் வரை நேரத்தை அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பப் போய்விட வேண்டும். இப்படிப் பல இரவுகள் விழித்துக் கண்டுபிடித்த வாய்பாடு மிக எளியது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து, 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள பரப்புகள் ஒலியை உட்கவரும் மொத்த அளவால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் கிடைக்கும். ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம் அது.

உட்கவர்தலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு எது தெரியுமா? திறந்த சன்னல்! சன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. எனவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஒலியை முழுமையாக உட்கவர்வதாகக் கொள்ளலாம்.

நம் மாணவியின் அறைக்குக் கணக்குப் போடுவோம். நீளம் 4 மீட்டர், அகலம் 3, உயரம் 3. கன அளவு 36 கன மீட்டர். ஆறு பக்கங்களின் பரப்பு 66 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு தன் மேல் படும் ஒலியில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கையே உட்கவரும் என்று கொண்டால், 66 சதுர மீட்டர் சுவரும் வெறும் 2 சதுர மீட்டர் சன்னலுக்குச் சமம். வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட 3 விநாடி வரும். அவள் அடுத்த நாலைந்து சொற்களைப் பாடும்போதும் முதற்சொல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். இதில் எந்தக் குரல்தான் தெளிவாகக் கேட்கும்?

இப்போது அதே அறையில் கனமான மெத்தை, ரஜாய், போர்வைகள் என்று 10 சதுர மீட்டர் தொங்கவிடுவோம். அவை பாதி ஒலியை உட்கவரும் என்று வைத்துக்கொண்டால் உட்கவர்தல் 2-லிருந்து 7 ஆகிறது. நேரம் 0.8 விநாடியாக இறங்கிவிடும். செலவு ஒன்றுமில்லை! சிலர் சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டிவிட்டு, ஒலிப்பதிவுக் கூடம் தயார் என்கிறார்கள். அந்த மெல்லிய அட்டையால் பெரும் பயன் இல்லை. ஒரு பஞ்சு மெத்தை எவ்வளவோ மேல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மெத்தை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். தெருவில் போகும் பேருந்தின் ஹாரனைத் தடுக்காது.

மற்றொரு வழியும் உண்டு. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவருதல். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து கால் மீட்டருக்கு வந்தால், எதிர்விகித இருமடி விதிப்படி நேரே வரும் ஒலியின் செறிவு 16 மடங்காகும். சுவரில் மோதி வரும் ஒலியோ அறையெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது, அது கூடுவதில்லை. எனவே குரல் முன்னே வந்து நிற்கும். மிகவும் நெருங்கினால் 'ப' வரும் இடங்களில் மூச்சுக் காற்று மோதி 'பொப்' என்னும். ஒலிவாங்கியைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அதுவும் போய்விடும்.

வீட்டு அறை என்றால் இளப்பமாக நினைக்க வேண்டாம். 2015-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பில்லி ஐலிஷ் என்ற 13 வயதுச் சிறுமி, தன் அண்ணன் ஃபினியஸ் எழுதிய 'ஓஷன் ஐஸ்' என்ற பாட்டை வீட்டில் பாடிப் பதிவு செய்தாள். நடன ஆசிரியர் கேட்பதற்காகத்தான் அதைச் 'சவுண்டு கிளவுடு' என்ற இணையதளத்தில் ஏற்றினார்கள். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. 2019-இல் வெளிவந்த அவளது முதல் முழுத் தொகுப்பும் பெரும்பாலும் அண்ணனின் சிறிய படுக்கையறையில்தான் உருவானது. 2020 சனவரியில் அதற்குக் கிராமி விருதுகள் குவிந்தன. படுக்கை, தலையணை, திரை எல்லாம் நிறைந்த சிறிய அறை நம் வாய்பாட்டின்படி நல்ல அறையே.

ஒலிவாங்கிக்குள் போன பாட்டு பிறகு என்ன ஆகிறது? காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகிறது. அதைக் கருவி இடைவிடாமல் அளந்து எண்களாக எழுதுகிறது. விநாடிக்கு எத்தனை முறை? பெரும்பாலும் 44,100 முறை. மனிதச் செவிக்கு எட்டும் மிக உயர்ந்த அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையை மீண்டும் பிழையின்றி வரைய, அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேலாக அளவுகள் எடுக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் வழிவந்த தேற்றம். அப்படியானால் 40,000-க்குச் சற்று மேல் போதுமே, அதென்ன 44,100? தொடக்க காலத்தில் இந்த எண்களை வீடியோ நாடாவில்தான் சேமித்தார்கள். படத்தின் ஒரு வரிக்கு 3 எண்கள், 245 வரிகள், விநாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள். 1982-இல் வந்த குறுந்தட்டும் அதே எண்ணை ஏற்றுக்கொண்டது. பழைய நாடாவின் கணக்கு இன்றும் நம்மோடு இருக்கிறது.

ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்களில் எழுதப்படும்போது 65,536 படிகள் கிடைக்கின்றன. பாதி மேலே, பாதி கீழே. மிக உரத்துப் பாடினால் அலையின் உச்சி மேல்படியையும் தாண்டிவிடும். அதற்குமேல் எண் இல்லாததால், உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிக் கரகரப்பு எழும். பின்னால் ஒலியைக் குறைத்தாலும் அந்த வடு போகாது. எனவே பதிவின் அளவை எப்போதும் சற்றுக் குறைத்தே வையுங்கள்.

கிட்டாரும் குரலும் துணைக்குரலும் ஒருவரே எப்படிப் பாட முடியும்? லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 1948-இல் வெளியான 'லவர்' என்ற இசைத்தட்டில் எட்டுக் கிட்டார் பகுதிகளையும் தாமே வாசித்திருந்தார். வேலை நடந்தது அவர் வீட்டுக் கார்க் கொட்டகையில். ஒரு தட்டில் வாசித்ததை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டில் பதிப்பார். ஒவ்வொரு முறையும் தட்டின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஏழாவது பகுதியில் விரல் தவறினால் கலந்துவிட்டதைப் பிரிக்க வழியில்லை. இன்று கணிப்பொறியில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி எண் வரிசை. கலப்பது என்றால் கூட்டல்தான்: ஒரு கணத்தில் குரல் 1,200, கிட்டார் மைனஸ் 300 என்றால் சேர்ந்து 900. நீங்கள் பாடத்தில் படிக்கும் மேற்பொருந்துதல் தத்துவம் வேறொன்றும் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. என் மாணவியும் அதில் விழுந்தாள். கம்பியில்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கிட்டார் பதிவைக் கேட்டபடி பாடினாள். தாளம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. அத்தகைய ஹெட்போன்களில் ஒலி வந்து சேரப் பத்தில் ஒரு விநாடியோ அதற்கு மேலோ தாமதமாவது சாதாரணம். பத்தில் ஒரு விநாடியில் ஒலி காற்றில் 34 மீட்டர் போகும். அதாவது கிட்டார்க்காரரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு இவள் வாசலில் பாடியதற்குச் சமம்! கம்பியுள்ள சாதாரண ஹெட்போனுக்கு மாறியதும் சரியாயிற்று.

இனி இணையத்தில் ஏற்ற வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு, இரு தடங்கள். 44,100-ஐ 16-ஆலும் 2-ஆலும் 240-ஆலும் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 4 கோடியே 23 லட்சம் பைட்டுகள். எம்.பி.3 முறையில் விநாடிக்கு 1,28,000 இரும இலக்கங்கள் என்று வைத்தால் இது 38 லட்சம் பைட்டாகச் சுருங்குகிறது. பதினொன்றில் ஒரு பங்கு! பறை அதிரும்போது பக்கத்தில் கொசு ரீங்கரிப்பது கேட்குமா? ஓர் உரத்த ஒலி தனக்கு நெருங்கிய அதிர்வெண்ணுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது. செவிக்குக் கேட்காததை எண்களிலும் குறைத்துவிடுகிறார்கள். இம்முறையை வளர்த்தவர்களுள் ஒருவரான ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசான் வேகா என்ற பாடகி வாத்தியமே இன்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைச் சுருக்கிப் பார்த்தபோது குரல் சிதைந்து கேட்டதாம். தனிக்குரலில் பிழையை மறைக்க வேறு ஒலி இல்லையே! அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டே முறையைத் திருத்தினார். தனியாகப் பாடும் ஒருவரின் குரல்தான் பொறியியலுக்கு மிகக் கடினமான தேர்வாக இருந்திருக்கிறது.

"யாராவது என் பாட்டை எடுத்துக்கிட்டா என்ன சார் பண்றது?" என்று அவள் கேட்டாள். நியாயமான பயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, பாட்டை எழுதி வைத்த உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. சொற்களுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை; அவளைப் போன்றவர்களுக்கு மூன்றும் ஒரே கையில். எழுதிய தாளையும் தேதியோடு கூடிய மூலப் பதிவுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மெத்தையும் போர்வையும் கட்டிய மூலையில் அவள் மறுபடி பாடினாள். கிணறு போய்விட்டது. பாட்டை இணையத்தில் ஏற்றிய முதல் வாரம் 41 முறை கேட்கப்பட்டிருந்தது. அதில் 6 முறை நான். இப்போது இரண்டாவது பாட்டு தயாராகிறது. இரைச்சல் சேராமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைகளுக்கு நடுவே பாடுவதால் வியர்த்துக் கொட்டுகிறதாம். இயற்பியலில் இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். மார்கழி வரை பொறுத்துக்கொள் என்றேன்.