நண்பனுக்கு நட்ட கல்

போரிலோ ஆநிரை மீட்பிலோ பட்டு வீழ்ந்தவனுக்குத் தமிழர் கல் நட்டனர். அதனை நடுகல் என்போம். பாலக்காட்டுப் பக்கத்திலும் கொங்கு நாட்டிலும் வீரக்கல் என்றாலும் விளங்கும். புலவர் வகுப்பில் இதனைக் கேட்டு, தேர்வுக்கு எழுதி, மறந்துவிடுகிறோம். அரசர் கதையென்றே பலரும் எண்ணுகின்றனர். அன்று. நடுகல் பெரும்பாலும் இளைஞர் கதை. ஊர்க் கூட்டாளிகள் தம்மில் ஒருவனை இழந்து, அவன் பெயர் மண்ணோடு போய்விடக்கூடாதே என்று செய்த காரியம்.

தொல்காப்பியம் இதற்கு ஆறு படிகள் கூறுகிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பின்னர் நடுதல், பெரும்படை, வாழ்த்தல். பெரும்படை என்றால் படையல். சேனை என்று பொருள் கொண்டுவிடாதீர்கள்! முதல் மூன்று படிகளும் கல் மண்ணில் ஊன்றப்படுமுன்னரே முடிந்துவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். இறந்தவனுக்காக அலைவதும் சுமப்பதும் கழுவுவதுமே பாதி வேலை. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றே காதைகள் வரிசையாக வருகின்றன. அங்கே கல் கண்ணகிக்கு, எடுத்தது இமயத்தில், நீராட்டியது கங்கையில். அக்கண்ணகியின் பெயரால் வழங்கும் மங்கலதேவி கோயில் இடுக்கிக்கும் தேனிக்கும் நடுவேயுள்ள எல்லை மலையில்தான் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று இரு பக்கத்து மக்களும் அங்கே மலை ஏறுகின்றனர்.

அம்மலைக்குக் கிழக்கே, வைகைப் பள்ளத்தாக்கில், புலிமான்கோம்பை என்றொரு சிற்றூர். 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டனர். உருவம் ஏதும் செதுக்காத கற்கள். தமிழ்-பிராமி எழுத்தில் சில சொற்கள் மட்டுமே. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். கூடலூர் என்னும் ஊர் குமுளி மலையின் அடிவாரத்தில் இன்றும் உண்டு. நமக்குக் கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களில் இவையே மிகப் பழையவை. கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை.

ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு செயல். மாவீரன் என்றோ, மலைநிகர் தோளன் என்றோ அடைமொழி இல்லை. அந்தவன் யார்? அவன் தாய் எப்படி அழுதாள்? கல் சொல்லவில்லை. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் பெயரை நாம் சொல்கிறோம். இங்கிலாந்தில் டென்னிசன் தன் நண்பன் ஹாலமை 1833இல் இழந்தான். நண்பனுக்கு வயது 22. அவனுக்காகப் பாடிய நூல் வெளிவர 1850 ஆயிற்று. அந்தவனின் கூட்டாளிகளுக்குச் சில சொற்களே போதுமாயின. எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் என் மனம் கல்லின் பக்கமே சாய்கிறது.

பிற்காலக் கற்கள் சற்று விரிவாகப் பேசும். செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் ஒன்று உண்டு. வீரன் வில்லேந்தி நிற்கிறான். அருகில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, தலைவனுடன் நின்றதாம். நாயின் பெயரையும் மறவாமல் பொறித்தார்களே, அவர்கள் நட்பை அறிந்தவர்கள்!

நட்ட கல்லின் முன் நின்ற நண்பரையும் புறநானூறு காட்டுகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது உடன் இருக்க வந்த பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக என்று திருப்பி அனுப்பினான். அவர் மீண்டு வந்தபோது அவன் கல்லாகியிருந்தான். அக்கல்லிடம்தான் அவர் தமக்கு இடம் கேட்டார். அதியமான் கல்லின்முன் சிறு கலத்தில் கள் படைக்கப்பட்டதைக் கண்டு ஔவை பொருமினாள். நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கலத்தைக் கொள்வானோ என்பது அவள் கேள்வி. பொத்தியார் இறந்தவனிடம் நேரே பேசுகிறார். கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. நம் இரங்கற் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள்!

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. மறையூரிலிருந்து வந்து நம்முடன் படித்து, இருபது வயதில் காய்ச்சலில் மறைந்த தோழனை நீங்கள் அறிவீர்கள். நான் சித்தூர் வட்டத்தான். அவன் இடுக்கி மலையான். கேரளத்து எல்லைக்குள் பிறந்து தமிழ் பேசும் இருவர் என்பதால் ஓர் அறையில் சேர்ந்தோம். அவன் ஊரில் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிய பழங்கல்லறைகள் பல உள்ளன. ஊரார் முனியறை என்பர். பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோர்க்கு எழுப்பியவை அவை. ஒன்றிலும் பெயர் இல்லை என்பது அவனுக்குத் தீராத குறை. விடுமுறைதோறும் ஒவ்வொன்றாக அளந்து, படம் வரைந்து, ஒரு நோட்டில் குறித்து வந்தான். பலகை பெயர்ந்து கிடப்பதை ஒரு பக்கத்தில் கோபத்தோடு எழுதியிருக்கிறான்.

அவனுக்குப் படத்திறப்பு வேண்டும் என்கின்றனர் சிலர். பேச்சுப் போட்டிக்குச் சுழற்கோப்பை என்கின்றனர் வேறு சிலர். அவனோ மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பையன். அவன் பெயரால் பேச்சுக் கோப்பையா? கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அந்த நோட்டை முடித்து, அவன் பெயரையும் ஊரையும் செய்த வேலையையும் முதற்பக்கத்தில் இட்டு, நம் சங்கம் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. அடைமொழி ஒன்றும் வேண்டாம்.

நோட்டில் பதினேழு கல்லறைகள் முடிந்திருக்கின்றன. பதினெட்டாவதற்கு நீளம் மட்டும் எழுதி, அகலத்திற்கு இடம் விட்டிருக்கிறான். வரும் விடுமுறையில் மறையூர் செல்ல மூவர் இசைந்துள்ளனர். அளவு நாடா வைத்திருப்பவர் ஒருவர் சேர்ந்தால் நலம்.