வாளியில் படிந்த பாறை

முகையூரில் அக்கா வீட்டுக்குப் போனால் முதல் நாள் காலையில் நான் தோற்றுப்போவது சோப்பிடம்தான். தேய்க்கத் தேய்க்க நுரை வராது. தண்ணீர் மோர் மாதிரி கலங்கும், கையில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டும். போன ஐப்பசியிலும் அப்படித்தான். நான் படும் பாட்டைப் பார்த்து, ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் சிரித்தாள்.

"அது போர் தண்ணி மாமா. சோப்புதான் கரையும், நுரை வராது."

"ஏன் வராது?"

"உப்புத் தண்ணி இல்ல?"

"வாயில விட்டுப் பாரு, கரிக்குதா?"

பார்த்தாள். "ஒரு மாதிரி இருக்கு. ஆனா கடல் தண்ணி மாதிரி இல்ல."

ஊரில் எல்லோரும் உப்புத் தண்ணி என்றுதான் சொல்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் சோப்போடு சண்டை போடுவது நம் சமையலறை உப்பு இல்லை. கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டின் உப்புகள். இவை அதிகம் கரைந்திருக்கும் தண்ணீரைத்தான் பாடப்புத்தகம் கடின நீர் என்கிறது.

சோப்புத் துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். அழுக்கை வால் பிடித்துக்கொள்ள, தலை தண்ணீரோடு இழுத்துப் போகும். கால்சியத்துக்கு இரண்டு கை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த வேகத்தில் இரண்டு சோப்புத் தலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், இரட்டைச் சடையை ஒரே ரிப்பனில் கட்டுகிற மாதிரி. கட்டுப்பட்ட சோப்பு தண்ணீரில் கரையாது. அதுதான் கையில் ஒட்டிய பிசுபிசுப்பு. துவைத்த துணி அப்பளம் மாதிரி விறைப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தண்ணீரில் இருக்கும் கால்சியம் எல்லாம் இப்படித் தீர்ந்த பிறகு போடும் சோப்புதான் நுரைக்கும்.

குளியலறை வாளியைக் கவிழ்த்துக் காட்டினேன். உள்ளே கழுத்துப் பக்கம் வெள்ளையாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது.

"இது என்ன தெரியுமா? உங்க ஊர்ப் பாறை."

அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேளுங்கள்.

முகையூர் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பெரும்பாலும் நைஸ், சார்னகைட் போன்ற கடினப் பாறைகள். வயது சுமார் 250 கோடி ஆண்டு. (சார்னகைட் என்பது ஒரு கல்லறையிலிருந்து வந்த பெயர்! ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதன் மேல் கிடந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தப் பாறைக்கு அவர் பெயரையே வைத்தார். கல் போனதோ சென்னைப் பக்கத்திலிருந்து.) இந்தப் பாறைகளின் கனிமங்களில் கால்சியமும் உண்டு, மக்னீசியமும் உண்டு. மண்ணுக்குள் ஆங்காங்கே கிடக்கும் சுக்கான் கல்லோ ஏறக்குறைய சுண்ணாம்புக் கல்லேதான்.

பெய்யும்போது மழைநீரில் இவை ஏறக்குறைய இல்லை. மண்ணுக்குள் இறங்கும்போது அது ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது: கரியமில வாயு. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விட விட மண்ணுக்குள் அந்த வாயு நிறையச் சேர்ந்திருக்கும். அது கரைந்த தண்ணீர் மிக மிக லேசான அமிலம், சோடாத் தண்ணீரின் தங்கை. பாறை இடுக்கில் வருஷக்கணக்காகத் தங்கி, கல்லை அரித்து, கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். ஆழத்திலிருந்து மோட்டார் இழுப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

இதை ஒரு கண்ணாடி டம்ளருக்குள்ளேயே பார்த்துவிடலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சத்தைத் தண்ணீரில் கலக்கி, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் அலுங்காமல் டம்ளரில் எடுங்கள். அதைப்போல் பல மடங்கு மழைநீரும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுகுழல் வைத்து ஊதுங்கள். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. சுண்ணாம்பு வாயையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும்.

முதலில் பால் மாதிரி வெளுக்கும். உங்கள் மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத தூளாகிவிட்டது. அது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக் கல்லும் அதுதான். எல்லோரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள்! நானும் அக்கா மகளும் மாறி மாறி ஊதினோம், கன்னம் வலித்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை மறைந்து தண்ணீர் தெளிந்தது. கல் எங்கே போனது? கூடுதல் கரியமில வாயு அதைக் கரைத்துவிட்டது. இப்போது டம்ளரில் இருப்பது கால்சியம் பைகார்பனேட் கரைந்த தண்ணீர். முகையூரின் மண்ணுக்கடியில் நடப்பதும் இதேதான்.

அந்தத் தெளிந்த தண்ணீரைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தோம். சூடேறியதும் மறுபடி கலங்கியது. சூட்டில் கரியமில வாயு ஓடிவிட, கல் திரும்பி வந்துவிட்டது.

"ஓ! அதான் வெந்நீர் அண்டா அடியில வெள்ளையா கெட்டியா இருக்கா?" என்றாள்.

அதேதான். வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியிலும் அதுதான் ஓடு கட்டுகிறது. ஓடு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, கம்பி உள்ளுக்குள்ளேயே காய்ந்து சீக்கிரம் கெடும், கரண்டும் வீண். அந்த ஓட்டின் ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், பொங்கும். குமிழியாக வெளியே வருவது, உள்ளே சிறைப்பட்டிருந்த கரியமில வாயு. வாளியில் சுடுதண்ணீரே ஊற்றாவிட்டாலும், தண்ணீர் காயக் காயக் கல் மட்டும் மிஞ்சிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது; வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுப் போரில் 500 என்று வைத்துக்கொள்வோம். தினம் 200 லிட்டர் செலவானால், அதில் 100 கிராம் கல். ஒரு வருஷத்துக்கு 36 கிலோவுக்கு மேல்! நல்லவேளை, பெரும்பகுதி சாக்கடையோடு போய்விடுகிறது.

"தண்ணி குடிச்சா வயித்துல கல்லு வருமாமே" என்று கேட்டாள். கடினத்தன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலகச் சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதான். தண்ணீரில் வேறு கெடுதல் எதுவும் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதைச் சோதனைச் சாலையில்தான் பார்க்க வேண்டும்.

கடின நீரின் தொல்லை வயிற்றைவிட அடுப்பங்கரையில்தான் அதிகம். போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது என்று அக்கா சொல்வாள். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைக் கால்சியம் இன்னும் இறுக்கிவிடுகிறது. அதனால் சமையலுக்கு மட்டும் தனியாக ஒரு குடம் நல்ல தண்ணி.

பக்கத்து வீட்டுப் பாட்டி, "பானையில தேத்தாங்கொட்டைய ஒரைச்சு விடுடா, எல்லாம் சரியாயிடும்" என்றார். தேற்றாங்கொட்டை அருமையான பொருள், ஆனால் அது கலங்கலைத் தெளிய வைக்கும், அவ்வளவுதான். மிதக்கும் மண்ணை அது கூட்டிப் பெருக்கும். கரைந்துபோன கல்லை அதனால் பிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரில்தானே நான் சோப்பிடம் தோற்றேன்! பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை ஊறவைத்தார்களே, அது சரியான வேதியியல். உவர்மண்ணில் சலவை சோடா உண்டு. அது கால்சியத்தைக் கல்லாக்கி அடியில் தள்ளிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாத கடினத்தன்மை ஒன்று உண்டு, நிரந்தரக் கடினத்தன்மை என்பார்கள். சோடாவிடம் அதுவும் பலிக்காது.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க் இன்னும் வேடிக்கையான வழி ஒன்றுக்கு 1841-இல் காப்புரிமை வாங்கினார். சுண்ணாம்பு அதிகமான தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடு என்றார்! முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. நாம் ஊதித் தெளிய வைத்த டம்ளரில் புதுச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் புரிந்துவிடும். புதுச் சுண்ணாம்பு கூடுதல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ள, பழையதும் புதியதும் சேர்ந்தே அடியில் இறங்கிவிடும்.

சோப்பை வைத்தே கடினத்தன்மையை அளக்கலாம் என்று காட்டியவரும் இதே கிளார்க்தான். அதையும் செய்து பார்க்க நினைத்தோம். அன்று ராத்திரி நல்ல மழை. மாடியில் வாளி வைத்து மழைநீர் பிடித்தோம். மறுநாள் ஒரே அளவு பாட்டில் இரண்டு, ஒன்றில் மழைநீர், இன்னொன்றில் போர் தண்ணீர். துணி சோப்பைச் சீவி மழைநீரில் கரைத்துக்கொண்டோம். சலவைத்தூள் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும்படி செய்தது. கரைசலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் குலுக்க வேண்டும். நுரை ஐந்து நிமிஷம் அடங்காமல் நின்றால் கணக்கை நிறுத்தலாம்.

மழைநீர் ஒரே ஸ்பூனில் பொங்கிவிட்டது. போர் தண்ணீர் வெறுமனே தயிர் மாதிரி திரிந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

"ஏன் தம்பி, நேத்துதான் வாங்குன சோப்பு. முழுசும் கரைச்சிட்டீங்களா?"

"இரும்மா," என்றாள் மகள், பாட்டிலைக் குலுக்கியபடி. "பதினாலு."