'சும்மா' செய்யும் வேலை எது?

பள்ளிப் பதிவேட்டை நிரப்பும்போது, "உன் அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று மாணவர்களைக் கேட்பேன். "சும்மா, கூலி வேலைதான் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். அந்தச் 'சும்மா' என்ற சொல் என் மனத்தை உறுத்துகிறது.

பெற்றோர்களே, பால்மரம் வெட்டும் ஒரு தாயின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே விடியுமுன் புறப்பட வேண்டும். உளி கூராக இருக்க வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் மங்கில் பால் குறையும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்பவர் ஆராய்ந்து கண்டார். அந்த நுட்பம் நம் தாய்மாரின் விரல்களில் இருக்கிறது. இதுவா சும்மா?

ஒரு வேலையைத் தரம் பிரிப்பதற்கென்று முறை உண்டு. செய்பவர் ஆணா பெண்ணா, எந்த இனம் என்று பார்க்கக்கூடாது. திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலை செய்யும் சூழல் ஆகிய நான்கையும்தான் எடைபோட வேண்டும்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் 10 பெரும் பிரிவுகள் உள்ளன. எளிய உடலுழைப்பு வேலைகள் 9ஆம் பிரிவு. பால்மரம் வெட்டுபவர் அதில் இல்லை. திறன்பெற்ற வேளாண் தொழிலாளருக்குரிய 6ஆம் பிரிவில் இருக்கிறார்! மலேசியாவின் தொழில் பட்டியலும் அந்த உலகப் பட்டியலைத் தழுவியதே.

"பெயரில் என்ன இருக்கிறது, சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். போடும். பட்டணத்தில் வேலைக்கு மனு எழுதும்போது 'கூலி' என்று ஒரே சொல்லில் முடித்தால், உங்கள் அனுபவம் யாருக்கும் தெரியாது. எத்தனை மரம் வெட்டினீர்கள், எத்தனை ஆண்டுகள், புது ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்தீர்களா, மருந்து தெளித்தீர்களா என்று விவரமாக எழுதுங்கள். இருக்கும் வேலையோடு புதிய பொறுப்பு சேர்ந்தால், அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். சம்பளம் பற்றிப் பேசும் நாளில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

இன்றிரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள். நாளை நான் கேட்கும்போது, "எங்கம்மா பால்மரம் வெட்டுறாங்க சார்" என்று அவன் நிமிர்ந்து சொல்லட்டும்!