கிட் கணக்கில் எடுக்காத கோப்புகள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதிய மென்பொருள் கிட். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று கணக்கு வைப்பது அதன் வேலை. நிரலை ஒரு முறை நிறுவி ஓட்டினாலே நாம் எழுதாத கோப்புகள் கோப்புறையில் முளைத்துவிடும்: பைத்தான் போடும் ‘பைகேஷ்’, என்பிஎம் இறக்கிக் குவிக்கும் ‘நோட் மாட்யூல்ஸ்’. இவற்றைக் கண்டுகொள்ளாதே என்று கிட்டுக்குச் சொல்லும் பட்டியல்தான் கிட்இக்னோர்.

எதையெல்லாம் அதில் எழுதுவது? மூலநிரலிலிருந்து எந்திரமே மறுபடி செய்து தரக்கூடியது வெளியே நிற்கலாம் என்பது பொது வழக்கம். இதிலும் நெளிவுசுளிவு உண்டு. என்பிஎம்மின் ‘பேக்கேஜ்-லாக்’ கோப்பும் எந்திரம் எழுதியதுதான். ஆனால் எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் இன்று ஒரு பதிப்பும் அடுத்த மாதம் இன்னொன்றும் இறங்கலாம்; ஆகவே அது உள்ளேதான் இருக்க வேண்டும். உங்கள் எடிட்டர் உதிர்க்கும் குப்பையை எல்லாருக்கும் பொதுவான பட்டியலில் எழுதுவது, என்னைக் கேட்டால், கொஞ்சம் அத்துமீறல். அப்படி உங்களுக்கு மட்டும் வேண்டியதை எழுத ‘.கிட்’ கோப்புறைக்குள் ‘எக்ஸ்க்ளூட்’ என்று தனிக் கோப்பு இருக்கிறது.

ஏற்கெனவே கமிட் ஆன, அதாவது கிட்டில் பதிவான, கோப்பைப் பிறகு பட்டியலில் சேர்த்துப் பயனில்லை. கிட் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டேதான் இருக்கும். ‘கிட் ஆர்எம் --கேஷ்டு’ கொடுத்து விலக்கினாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். கடவுச்சொல் உள்ள கோப்பு என்றால், கடவுச்சொல்லையே மாற்றிவிடுவதுதான் வழி.

இந்தப் பட்டியலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 2024 பிப்ரவரியில் ஒருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இயங்கியவர், ‘பில்டு-டு-ஹோஸ்ட்.எம்4’ என்ற பெயரைக் கிட்இக்னோரில் சேர்த்தார். பில்டு கருவிகள் தாமாகக் கொண்டுவந்து போடும் வகைக் கோப்பு அது; கிட் களஞ்சியத்தில் அது இல்லாதது யாருக்கும் உறுத்தவில்லை. 5.6.0, 5.6.1 வெளியீடுகளின் டார் பொதியில் மட்டும் அதன் திருத்திய வடிவம் போயிற்று. சோதனைக் கோப்பு வேடத்தில் களஞ்சியத்துக்குள்ளேயே கிடந்த விஷத்தைப் பிரித்தெடுத்து ஓட்டும் வேலை அதனுடையது. கிட்டில் வரிவரியாகப் படித்தவருக்கும் அந்த எம்4 கோப்பு தென்பட்டிருக்காது.

எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று குடைந்து எக்ஸ்இசட்டில் வந்து நின்ற ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியிட்டார். விஷத்தை ஓட்டும் வேலையைத் தொடங்கும் வரி பொதியில் மட்டும் இருக்கிறது, கிட்டில் இல்லை என்பதும் அவர் எழுதிய குறிப்பில் இருந்தது.