வீட்டின் ஒரு பகுதியில் மின்தடை

நுழையும்முன்

கூடத்தில் மின்விசிறி சுழல்கிறது. சமையலறையோ இருண்டு கிடக்கிறது. அணைந்த விளக்கை உடனே எரியச் செய்ய மனம் விரைகிறது. ஆனால், அது ஏன் அணைந்தது என்பதே முதலில் எழ வேண்டிய வினா. அவ்வினாவுக்கு விடை காணும் முறையையும், அதில் நாம் நிற்க வேண்டிய எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

மின்சுற்றுகளின் அமைப்பு

நம் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்னழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்ட மாறுதிசை மின்னோட்டம் வருகிறது. மின்அளவியையும் முதன்மைச் சுவிட்சையும் கடந்து, பகிர்வுப் பெட்டியில் அது பல கிளைகளாகப் பிரிகிறது. விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் ஒரு கிளை. நீர்சூடேற்றி, குளிர்சாதனம் போன்றவற்றுக்கு வேறு கிளைகள். இவை பக்க இணைப்பில் அமைந்திருப்பதால் ஒன்று துண்டிக்கப்பட்டாலும் மற்றவை இயங்கும். ஆகவே, ஒரு பகுதி மட்டும் இருண்டால் பழுது பெரும்பாலும் அக்கிளைக்குள்ளேயே இருக்கும்.

மும்முனை இணைப்புள்ள வீடுகளில் இதற்கு விலக்கு உண்டு. தெருவில் ஒரு முனை மட்டும் செயலிழந்தால் அம்முனையைச் சார்ந்த அறைகள் மட்டும் இருளும். அண்டை வீடுகளிலும் அதே நிலை காணப்பட்டால் மின்வாரியத்திற்குத் தெரிவிப்பதே வழி.

காக்கும் கருவிகள்

ஒவ்வொரு கிளையின் தொடக்கத்திலும் உருகியோ எம்.சி.பி. என்னும் தானியங்கித் துண்டிப்பானோ இருக்கும். எம்.சி.பி.யினுள் இரண்டு உறுப்புகள் பணிபுரிகின்றன. மிகுபளுவால் மின்னோட்டம் கூடும்போது ஈருலோகப் பட்டை சூடேறி, வளைந்து, சற்று நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். குறுக்குச்சுற்று நேர்ந்தால் மின்காந்தம் நொடிப்பொழுதில் துண்டிக்கும். ஆர்.சி.சி.பி. என்னும் கருவி மின்கசிவை உணர்வது. வீடுகளில் பொதுவாக 30 மில்லிஆம்பியர் அளவுடையது பொருத்தப்படுகிறது. இக்கருவிகள் துண்டித்தால் அவை பழுதுபட்டன என்று எண்ணுதல் தவறு; அவை தம் கடமையைச் செய்துள்ளன.

காரணம் காணும் முறை

தீய்ந்த வாடை, சுவிட்சுப் பலகையில் சூடு, சுவரில் மழைநீர்க் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் ஆய்வைத் தொடரக் கூடாது. பாதுகாப்பாக எட்ட முடிந்தால் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

அத்தகைய அறிகுறி இல்லையெனில், ஈரமற்ற கையுடனும் உலர்ந்த காலணியுடனும் பகிர்வுப் பெட்டியைப் பார்க்கலாம். எந்த எம்.சி.பி.யின் பிடி இறங்கியுள்ளது என்று கண்டறிந்து, அக்கிளையிலுள்ள சுவிட்சுகள் அனைத்தையும் அணைத்து, செருகிகளைக் கழற்ற வேண்டும். பிறகு பிடியை முழுவதும் கீழே தள்ளி, ஒருமுறை மட்டும் மேலே உயர்த்த வேண்டும்.

உடனே அது மீண்டும் இறங்கினால் பழுது கம்பித்தடத்தில் உள்ளது. மறுமுறை முயலக் கூடாது. நிலைத்து நின்றால் கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்துப் பார்க்கலாம். எதை இணைத்தவுடன் பிடி இறங்குகிறதோ, அதுவே ஐயத்திற்குரியது. தனித்தனியே நன்கு இயங்கும் கருவிகள் ஒன்றுசேர்ந்து இயங்கும்போது சற்று நேரங்கழித்துப் பிடி இறங்கினால், காரணம் மிகுபளு. சான்றாக, 1000 வாட் சலவைப்பெட்டியும் 1500 வாட் மின்கெண்டியும் ஒருங்கே இயங்கினால் ஏறத்தாழ 10.9 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 6 ஆம்பியர் கிளை அதனைத் தாங்காது.

இருளும் மின்சாரமும்

எந்தப் பிடியும் இறங்காமல் அறை இருண்டிருப்பதும் உண்டு. இணைப்பு தளர்ந்தோ கம்பி அறுந்தோ இருக்கலாம். நடுநிலைக் கம்பி அறுந்திருந்தால் விளக்கு எரியாது. ஆயினும் மின்னழுத்தம் கம்பியில் இருந்துகொண்டே இருக்கும். விளக்கு எரியவில்லை என்பது மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இதனை அறியாமல் பலகையைத் திறப்பது உயிரைப் பறிக்கக்கூடும். மும்முனை இணைப்பில் பொது நடுநிலைக் கம்பி அறுந்தால், சில விளக்குகள் மங்க, வேறு சில மிகையாக ஒளிரும். அப்போது முதன்மைச் சுவிட்சை உடனே அணைத்தல் வேண்டும்.

உருகி அடிக்கடி எரிகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவோரும் உளர். அவ்வாறு செய்தால் உருக வேண்டிய கம்பி உருகாது. சுவருக்குள் உள்ள கம்பி சூடேறித் தீப்பற்றும். காரணத்தை நீக்கிய பின்னரே மின்சாரத்தை மீட்க வேண்டும். காரணம் விளங்காதபோது அறை சிறிது நேரம் இருண்டிருப்பதே பாதுகாப்பு.

தெரியுமா?

வெப்பத்தாலும் காந்தத்தாலும் இயங்கும் சிறு துண்டிப்பானுக்கு 1924ஆம் ஆண்டில் காப்புரிமை கோரப்பட்டது. அதனைக் கண்டறிந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹியூகோ ஸ்டோட்ஸ்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டுப் பகிர்வுப் பெட்டியின் ஒவ்வொரு கிளையும் எப்பகுதிக்கு உரியது என்பதைப் பெரியோர் துணையுடன் அறிந்து, பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுக.
2. ‘துண்டிப்பான் தடையன்று, காவல்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாற்றுக.