ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுத்தாயிற்றா?

உங்களுக்கு ஒரு கடன் அறிக்கை இருப்பதுபோல் உங்கள் நிறுவனத்துக்கும் தனியாக ஒன்று உண்டு. சிபில் அதற்கு 1 முதல் 10 வரை ரேங்க் போடுகிறது. இங்கே 1 வாங்கினால்தான் சிறப்பு. தனிநபர் ஸ்கோரை 700, 750 என்று பார்த்துப் பழகியவர்கள் குழம்ப வேண்டாம்.

அறிக்கையில் தாமதத்தை நாள் கணக்கில் எழுதுகிறார்கள். தவணைத் தேதி தாண்டி 30 நாள் வரை எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏ என்றால் சிறப்புக் கண்காணிப்புக் கணக்கு), 60 வரை எஸ்எம்ஏ-1, 90 வரை எஸ்எம்ஏ-2. அதற்கும் மேல் போனால் வாராக்கடன். அந்த நிலைக்குப் போன கணக்கு, வட்டியும் அசலுமாக மொத்த நிலுவையையும் கட்டினால்தான் மீளும்.

சிசி எனும் கேஷ் கிரெடிட் கணக்கில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மாதத் தவணையே இல்லையே, தாமதம் எங்கிருந்து வந்தது? லிமிட் 25 லட்சம், எடுத்திருப்பது 21 லட்சம் என்று வையுங்கள். சரக்கிருப்பு குறைந்து, அதை வைத்து வங்கி எடுக்க அனுமதிக்கும் டிராயிங் பவர் 18 லட்சத்துக்கு இறங்கியிருந்தால், வங்கி உங்களை 3 லட்சம் மீறியவராகப் பார்க்கும். அந்த மீறல் தொடர்ந்து 30 நாளைக் கடந்தால் நேராக எஸ்எம்ஏ-1. வங்கிக்குக் கொடுக்கும் சரக்கிருப்புக் கணக்கான ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் மூன்று மாதத்துக்கு மேல் பழையதானாலும் கணக்கு ஒழுங்கு தவறியதுதான். அப்படியே 90 நாள் ஓடினால் வாராக்கடன். வட்டியைச் சரியாகக் கட்டியவருக்கு ஒரு தாளால் இந்த நிலையா என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான், ஆனால் விதி அப்படி.

பதிவு தவறென்றால் வங்கியிடமோ கடன் தகவல் நிறுவனத்திடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும். 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. அடுத்த படி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். உண்மையாகவே நேர்ந்த தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. ‘சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்களிடம் சரக்கு வாங்கியவர் பணம் தராததால் வங்கித் தவணை தவறுவதும் உண்டு. உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். சரக்கு அனுப்புவதற்கு முன்பே உத்யம் பதிவு இருந்திருக்க வேண்டும். அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சிட்டு, சரக்கைப் பெற்றுக்கொண்ட கையெழுத்தையும் தேதியோடு வாங்கி வையுங்கள்.